மூன்று மணிக்கு வெட்ட வேண்டிய பொழி

என் நண்பனுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெரிந்துகொண்டேதான் அவனைப் படகில் ஏற்றினேன். நடந்து இரண்டு ஐப்பசி கழிந்துவிட்டது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆறும் குளமும் கால்வாயுமாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவனுக்கு நீச்சல் வராமல் போனதற்குக் காரணம் அவனுடைய வலது காது. ஐந்து வயதிலிருந்து அதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. தலை முழுகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லாம் பழையாற்றுப் பாலத்திலிருந்து குதிக்கும்போது அவன் படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்வான். எங்கள் வேட்டி, சட்டைகளுக்கு அவன்தான் காவல். அந்தக் காதில் பாதிகூடக் கேட்காது. வகுப்பில் நான் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்காருவேன், ரகசியம் பேச வசதியாக. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகன். அவன் ஆற்றுப் பக்கம் போனான் என்று கேள்விப்பட்டாலே அவன் அப்பா வயலிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்துவிடுவார்.

அந்த வருஷம் நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி வாசகசாலையில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தேன். ஏதோ குளிர்நாட்டு ஆறு. வாழைப்பூ மடலைப் போல இரண்டு முனையும் கூர்ந்த நீளமான படகு. அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்த இரண்டு பேர். துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு. அவர்கள் மீன் பிடிக்கப் போகவில்லை, சரக்கு ஏற்றவில்லை, அக்கரைக்குப் போகவேண்டிய காரியமும் இருப்பதாகத் தெரியவில்லை. சும்மா போகிறார்கள். அந்தச் சும்மா எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலை பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்.

"நாமளும் ஒண்ணு செய்வோமா?"

"முங்கிராம இருக்கணும்னா அகலம் எவ்வளவு வேணும்னு கணக்குப் போடணும்," என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

கணக்கு அவனுடையது, அவசரம் என்னுடையது. நெடுக மூங்கில் வரிச்சு, குறுக்கே வளைத்துக் கட்டிய கமுகு வாரி, மேலே ஒரு பழைய லாரி படுதா. அதைச் சுற்றி இழுத்துத் தைத்து, இரண்டு தடவை தார் பூசினோம். இருவர் எடைக்கும் எத்தனை விரற்கடை அமிழும் என்று அவன் முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்திருந்தான். எங்கள் வீட்டு வைக்கோற்போருக்குப் பின்னால் பள்ளம் தோண்டித் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டபோது அவன் எழுதியபடியே அமிழ்ந்தது. அவனை முன் இருக்கையில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். தண்ணீர்மேல் அவனுக்குக் கிடைத்த முதல் இடம் அது. முட்டளவு பள்ளம்தான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தபோது, இனி இவனைக் கரையில் உட்கார்த்திவைக்க முடியாது என்று தோன்றியது.

ஆனி, ஆடி, ஆவணி முழுக்க ஆற்றில் திரிந்தோம். தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் இல்லாத இடங்களாகப் பார்த்துப் போவோம். தடுப்பணை வந்தால் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு சுற்றி இறங்குவோம். வீட்டில் அவன் என்னோடு படிப்பதாகப் பேச்சு. அவன் அம்மா எனக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்தனுப்புவார். அந்த முறுக்கை நாங்கள் நாணல் நிழலில் தின்றோம்.

பிறகு ஐப்பசி வந்தது.

எங்கள் ஆறு மணக்குடியில் கடலில் சேருகிறது. ஆண்டில் பல மாதம் அது சேருவதில்லை. கடல் மணலை வாரிக்கொண்டு வந்து ஆற்று வாயை அடைத்துவிடும். அந்த மணல்மேட்டைப் பொழி என்போம். மழைக்காலத்தில் ஆறு பெருகிப் பொழிக்குப் பின்னால் காயலாக நிற்கும். நின்று, நிறைந்து, வந்த வழியே திரும்பி ஏறும். அந்த ஐப்பசியில் அடைமழை. கும்பப்பூ போகத்துக்கு நட்ட நாற்று பத்து நாளாகத் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். இப்படி ஆகும்போது ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் கூடிப் போய்ப் பொழியை வெட்டிவிடுவது வழக்கம். அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த நாள், எந்த நேரம் என்று முந்தின நாளே மணக்குடிக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் வள்ளங்களைக் கட்டி, காயலில் போட்ட வலைகளைச் சுருட்டி, ஆளை அக்கரை சேர்க்கும் கடத்தை நிறுத்திக்கொள்வார்கள். கடல் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். முதல் நாள் கடற்கரை வரைக்கும் வாய்க்கால் தோண்டி, காயல் பக்கம் மட்டும் ஒரு வரம்பு விட்டு வைப்பார்கள். மறுநாள் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்து அந்த வரம்பை வெட்டுவார்கள். அந்த முறை தேங்காய் உடைக்க வேண்டியவர் என் நண்பனின் அப்பா. சனிக்கிழமை, மூன்று மணி என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"சனிக்கிழமை நமக்கு லீவு. காலையிலயே ஆத்து வழியாட்டு போயிருவோம். வெட்டுறத கரையில நிண்ணு பாக்கலாம்," என்றேன்.

"அப்பா அங்க நிப்பாவ."

"அவ்வோ மூணு மணிக்குத்தானே வருவாவ. அதுக்கு முன்னால காயல ஒரு சுத்து சுத்திட்டு, படக தாழங்காட்டுல ஒளிச்சு வச்சிருவோம். பஸ்ஸில வந்தோம்னு சொன்னா போச்சு."

அவன் சிறிது நேரம் நகத்தைக் கடித்தான். "காயல் எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று கேட்டான். நான் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோலச் சொல்வதில் கெட்டிக்காரன். "உன் கழுத்தளவுதான் இருக்கும்," என்றேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மழை விட்டிருந்தது, வெயிலும் வரவில்லை. முதல் அரை மணி நேரம் ஆறு எங்களை இழுத்துக்கொண்டு போனது. அதன்பின் இழுப்புக் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாக இரைச்சல் கேட்டுத்தான் தடுப்பணை வருவதைத் தெரிந்துகொள்வோம். அன்று இரைச்சலே இல்லை. கரையில் நின்ற ஆலமரத்தை வைத்துப் பார்த்தால் அணை எங்களுக்குக் கீழே, தண்ணீருக்குள் கிடந்தது. அதன்மேல் சத்தமில்லாமல் போனோம். வாழைத்தோப்பு ஒன்றில் தார்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு தாழம்புதரில் மூன்று பாம்புகள் பக்கத்துப் பக்கத்தில் சுருண்டு கிடந்தன, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல். வயிறு ஊதிய கன்றுக்குட்டி ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. துடுப்பால் தள்ளிவிட்டேன். திரும்பவும் வந்தது.

"இது எங்கயும் போவல்ல பாத்தியா," என்றான் அவன், தண்ணீரைக் காட்டி. "சும்மா நிக்கி."

காயலுக்கு வந்தோம். அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பழுப்பு நிறம், அழுகிய தேங்காய்த் தொண்டு நாற்றம். தென்னைகள் பாதி உடம்போடு நின்றன. விளிம்புவரை நிறைந்த பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் மூச்சை அடக்குவார்கள் இல்லையா, அதுபோல அந்த இடமே அடக்கிக்கொண்டு கிடந்தது. தெற்கே மணல்மேடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல் அடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, படகின் படுதாவில் அதிர்ந்தது.

கடத்து வள்ளம் எதிரே வந்தது. கழை ஊன்றுகிறவர் நாற்பது வயதுக்காரர். மேலே சட்டையில்லை, கழுத்தில் கறுத்த கயிற்றில் ஒரு சிலுவை. மீன்கடவக் கூடையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கழையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"ஏலே மக்கா, இது என்னதுலே? சவப்பெட்டியா?"

"படகு, அண்ணாச்சி."

"அப்பம் மூடிய எங்க வச்சிட்டு வந்திய?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "நல்ல நீளந்தான். ஒரு பெட்டில ரெண்டு பேரா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் நண்பன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

"வயக்காட்டுப் பிள்ளையளா? இண்ணைக்குப் பொழி வெட்டுதாவ, தெரியும்லா?"

"மூணு மணிக்குத்தானே."

"மூணுக்குத்தான். நான் ஒரு மணிக்கே வள்ளத்த கட்டிருவேன். நீங்க அதுக்கு முன்ன கரையேறிரணும், கேட்டியளா? வாய் தொறந்தாச்சுன்னா அது ஆளும் பாக்காது, படிப்பும் பாக்காது." கழையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

பொழியில் ஒரு ஆளும் இல்லை. முந்தின நாள் வெட்டிய வாய்க்கால் மணல்மேட்டின் நடுவே கடலைப் பார்த்து நேராகக் கிடந்தது; இடுப்பளவு ஆழம், ஒரு ஆள் கையை விரித்தால் தொடுகிற அகலம், அறுபது எழுபது தப்படி நீளம். காயல் பக்கம் நாலடி வரம்பு. அந்த வரம்புதான் அவ்வளவு தண்ணீரையும் நிறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு மம்பட்டிகள் மணலில் குத்தி நின்றன. பக்கத்தில் சோறு தின்ற வாழையிலைகள்.

நான் கிழக்குக் கரைப் பக்கம் குதித்தேன். அவன் படகிலேயே இருந்தான். ஒரு மம்பட்டியை ஆழமாகக் குத்தி அதன் காம்பில் படகுக் கயிற்றைக் கட்டினேன். வாய்க்காலைப் பார்த்தேன். படகுக்காகவே அளந்து வெட்டியதுபோல இருந்தது. எனக்குள் அந்த யோசனை எப்போது வந்தது என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை. வந்தவுடன் வாயில் இருந்தது.

"லே, கொஞ்சம் போல தொறந்துவிட்டா படகு அப்படியே வழுக்கிட்டு கடக்கர வரைக்கும் போவும். ஒரே ஒரு தடவ. அப்புறம் அடைச்சிருவேன்."

"அடையுமா?"

"ஏம்லே, நம்ம வயலுல நாம எத்தன மடை தொறந்து அடைச்சிருக்கோம். மடைதானே இது, கொஞ்சம் பெரிசு. ரெண்டு மம்பட்டி மண்ணு இழுத்துப் போட்டா அடையும்."

அவன் காயலைத் திரும்பிப் பார்த்தான், பிறகு வரம்பைப் பார்த்தான். கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. "மூணு மணிக்குன்னு சொல்லியனுப்பியிருக்கு," என்றான்.

"மூணு மணிக்கு அவ்வோ வரும்போ எல்லாம் பழையபடி இருக்கும்."

"வேண்டாம்லே," என்று அவன் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஒருவேளை "வேணும்னா" என்று ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பல இரவுகளில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. வேண்டாம் என்றுதான் சொன்னான்.

மற்ற மம்பட்டியை எடுத்து ஒரு சாண் அகலத்துக்கு வரம்பை வெட்டினேன். தண்ணீர் ஒரு நாக்குப்போல வாய்க்காலில் இறங்கியது. பத்துத் தப்படி ஓடி, மணல் குடித்துக் காணாமல் போயிற்று. ஏமாற்றமாக இருந்தது. இன்னொரு சாண் வெட்டினேன். இந்தத் தடவை அது பாதி தூரம் போயிற்று, நுரையைச் சுமந்துகொண்டு. "வருது பாரு," என்றேன். அவன்கூட முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

அதற்கப்புறம் நான் வெட்டவில்லை. யாரும் வெட்டவில்லை. ஆனால் திறப்பு பெரிதாகிக்கொண்டிருந்தது. வரம்பின் ஓரத்திலிருந்து ஒரு பாளம் மணல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அடுத்தது எதிர்ப்பக்கம். என் முழங்காலை இடித்துக்கொண்டு தண்ணீர் போனது. போதும் என்று தோன்றியது. மம்பட்டியால் மணலை இழுத்துப் போட்டேன். விழுந்த இடத்தில் அது இல்லை. இன்னும் பெரிதாக இழுத்துப் போட்டேன். எங்கள் வயல் மண் களி. போட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த மண் அதுதான். இந்த மணல் தண்ணீரைத் தொட்டதும் தண்ணீராகவே ஆகிவிட்டது.

"அடைச்சிட்டியா?" என்று அவன் கேட்டான்.

"அடைக்கேன், அடைக்கேன்."

வயலில் மடை அடைபடாமல் போனால் சின்ன வயதில் நாங்கள் ஒன்று செய்வோம். பெரியவர்கள் மண் வெட்டிக்கொண்டு வரும்வரை மடைவாயில் குந்தி உட்கார்ந்துகொள்வோம். உடம்பே அடைப்பு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றும் நான் அதைத்தான் செய்தேன். மம்பட்டியைக் கரையில் எறிந்துவிட்டு, அந்தத் திறப்பில் முதுகைக் காயலுக்குக் காட்டி உட்கார்ந்தேன். ஒரு மாட்டைப் போல அது என்னை முட்டியது. எங்கே கை, எங்கே கால் என்று தெரியாமல் வாய்க்காலுக்குள் உருண்டு, இருபது தப்படி தள்ளி ஓரத்தைப் பிடித்து எழுந்தேன். எழுந்தபோது வாயெல்லாம் மணல். திரும்பி ஓடி வருவதற்குள் வரம்பு என்று ஒன்றும் இல்லை.

இப்போது காயலில் கிடந்த சருகு, நுரை, தென்னை மட்டை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நகர ஆரம்பித்திருந்தன. அவசரமில்லாமல்தான். படகின் பின்பக்கம் மெல்லத் திரும்பியது. கயிறு விறைத்தது. மம்பட்டி நின்ற இடத்தை அப்போதுதான் பார்த்தேன். கரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கீறல் விழுந்திருந்தது.

"இடது பக்கம் தள்ளு," என்று கத்தினேன். "காயலுக்குள்ள போ. இடது பக்கம்."

அவன் முகம் வடக்கே, காயல் பக்கம் இருந்தது. என் சத்தம் விழுந்தது அவனுடைய வலது காதில். துடுப்பை நிறுத்திவிட்டு, கழுத்தை முழுக்க வளைத்து, நல்ல காதை எனக்குக் காட்டினான்.

"என்னதுலே?"

அந்தக் கேள்விக்குச் செலவான நேரத்தில் கீறல் விழுந்த மணல் உட்கார்ந்தது. மம்பட்டி சாய்ந்து கயிற்றோடு போயிற்று. படகு பின்புறமாக வாய்க்காலுக்குள் நுழைந்தது. நான் கரையில் எறிந்திருந்த மம்பட்டியை எடுத்துக் காம்பை நீட்டினேன். அவன் துடுப்பை நீட்டினான். மரமும் மரமும் தட்டிய சத்தம் கேட்டது. ஒன்றரை முழ தூரத்தில் என்னைக் கடந்து போனான். கத்தவில்லை. வகுப்பில் விடை வராத கணக்கைப் பார்ப்பானே, அந்தப் பார்வைதான்.

கடல் அப்போது ஏறி நின்றது. மூன்று மணி என்று ஏன் வைத்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது அப்போதுதான். வெளியே போகிற தண்ணீரும் உள்ளே வருகிற அலையும் வாய்க்கால் முனையில் மோதிச் சுவராக எழும்பின. படகு அந்தச் சுவரில் ஏறியது. தார் பூசிய அதன் அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். என்ன கத்தினேன் என்பது நினைவில் இல்லை. கடத்துக்காரர் வள்ளத்தைக் கிழக்குக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு மணலில் ஓடிவந்தார்.

"வெளிய போயிற்றானா?"

"ஆமா."

"நீச்சல் அறியுமா அவனுக்கு?"

"தெரியாது."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கடலோரம் போய் இரண்டு கையாலும் உயர்த்தி வீசினார். அலைக்கு அப்பால் இரண்டு கட்டுமரங்கள் தூண்டில் போட்டுக் கிடந்தன. அவர்கள் பார்க்கவில்லை. அவர் வீசிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கட்டுமரத்தில் ஒருவன் எழுந்து நின்றான், அவர் துண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார், கட்டுமரம் திரும்பியது. ஒரு அலை எழும்பியபோது மறைந்தது. அப்புறம் வெகுநேரம் தண்ணீரும் மேகமும்தான்.

திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். மம்பட்டியை நான் இன்னும் பிடித்திருந்தேன். அதைப் பிடுங்கி வெள்ளத்தில் எறிந்தார்.

"சவமே," என்றார். அவ்வளவுதான்.

ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடற்கரைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். பொழி இப்போது தேர் போகிற வீதியளவு அகலமாகிவிட்டது. இரண்டு பக்கமும் மணல் ஆளுயரப் பாளங்களாகச் சரிந்தது. ஒவ்வொரு சரிவுக்கும் கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. நான் மட்டும் நகர மறந்து நின்றேன். யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். நேரம் போனது. ஒரு மணி நேரம் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு என்றும் சொன்னார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் வந்தார்கள். முப்பது நாற்பது பேர், தோளில் மம்பட்டி. முன்னால் அவன் அப்பா, மஞ்சள் துணி மூடிய பித்தளைத் தாம்பாளத்தோடு. தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். "அதுவா உடைச்சிற்று போலிருக்கு. நமக்கு வேல மிச்சம்," என்று ஒருவர் சொன்னார். அவன் அப்பா சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"மக்கா, அவன் எங்க?"

பொய் சொல்ல எனக்கு எப்போதும் நேரம் பிடிக்காது. அன்று ஒன்றும் வரவில்லை.

"கடல்ல," என்றேன்.

தாம்பாளத்தை அவர் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே மணலில் உட்கார்ந்தார். மூடிய துணி விலகி, சூடக்கட்டி உருண்டு விளிம்பில் முட்டி நின்றது. அவர் அதை எடுத்து நடுவில் வைத்தார். உருண்டது. மறுபடியும் எடுத்து நடுவில் வைத்தார்.

கட்டுமரம் முகத்துவாரத்துக்குக் கிழக்கே அலை உடைகிற இடத்தில் தெரிந்தது. இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். நடுவில் ஏதோ கிடந்தது. கடத்துக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். கரையில் கொண்டுவந்து குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. மறுபடியும் வந்தது. அவன் இடது கையில் படகின் கமுகு வாரி ஒன்றைப் பிடித்திருந்தான். விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு இருமினான்.

அவன் அப்பா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் தன் மேல்துணியை அவனுக்குச் சுற்றினாள். இன்னொருத்தி கடுங்காப்பி கொண்டுவந்தாள். பாதி குடித்து, பாதி கக்கினான்.

அவன் உட்கார்ந்ததும் கடற்கரைப் பெரியவர் ஒருவர் எங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"மூணு மணின்னு சொல்லியனுப்பினிய. எங்க ஆளுவ அத நம்பி கடத்துல போய்ட்டும் வந்துட்டும் இருக்காவ. அஞ்சாறு பொம்பளைய காயலுக்குள்ள தொண்டு அள்ளிட்டு நிண்ணாவ. எல்லாரும் கரையேறினது கர்த்தர் புண்ணியம். மூணு மணிக்கு முன்ன இத தொறந்தது யாரு?"

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நம்புகிறேன்.

"நான்," என்றான் என் நண்பன்.

தொண்டை உப்பில் வெந்துபோயிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் இதுவரை கேட்டதில்லை. தண்ணீரில் இறங்கக் கூடாதவன் இறங்கியது தெரிந்தாகிவிட்டது, இதுவும் இருக்கட்டும் என்று நினைத்தானோ. அப்பா முன்னால் என்னை யாரும் அடித்துவிடக் கூடாது என்று நினைத்தானோ. அவன் சொன்னதும் எனக்குள் ஏதோ லேசாயிற்று. அதை மறைக்காமல் எழுத வேண்டும். பயம் போய், மூச்சு வந்தது.

அவன் அப்பா எழுந்தார். அவனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடற்கரைக்காரர்கள் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"பிள்ளை அறியாமச் செய்திற்றான். நீங்க பொறுக்கணும். என் பிள்ளைய எடுத்துத் தந்த நீங்கதான் இதையும் பொறுக்கணும்."

வாழ்நாளில் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கடத்துக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்து மம்பட்டியைப் பிடுங்கியவர் அவர். அவர் பார்வை அவர் கைகளிலும் இல்லை, துண்டிலும் இல்லை, என்மேல் இருந்தது. நானாகச் சொல்கிறேனா என்று காத்திருந்தார். துண்டில் தண்ணீர் வடிவது நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை. அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வள்ளத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

மூன்று மணி ஆயிற்று. வெட்ட வேண்டியது தானாக ஓடினாலும் பூசை நிற்கக் கூடாது என்றார்கள். காற்றில் சூடம் பிடிக்கவில்லை. நான்கு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்து நின்ற பிறகு பிடித்தது. அவன் அப்பா தேங்காயை உடைத்து ஒரு மூடியைக் கடலுக்கும் ஒரு மூடியைக் காயலுக்கும் விட்டார். இரண்டும் கடலுக்கே போயின. பிறகு திருநீற்றை எடுத்துக்கொண்டு திரும்பினார். முதலில் மகனுக்குத்தான் பூசுவார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் அவனைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"நீ போட்ட சத்தத்துலதான் மக்கா எனக்கு இவன் கெடச்சான்," என்றார். "இல்லண்ணா நான் இப்பம் என்ன செய்வேன்?"

அவர் என்னைவிடக் குள்ளம். அவருக்கு எட்டுவதற்காக நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.